நீ போய்ப் படி

தெர்மகோலை பிளேடால் அறுக்கும்போது பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது அன்று இரவு ஒரு மணி வரைக்கும் எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. அறுத்தவள் நான். மறுநாள் மகனின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஏழாம் வகுப்பு. தலைப்பு, நீர் சுத்திகரிப்பு. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, உள்ளே பஞ்சு, கரித்தூள், மணல், கூழாங்கல் என்று அடுக்கினேன். பக்கத்தில் நீலத்தாள் ஒட்டி ஒரு குளம் செய்தேன். ஒவ்வோர் அடுக்குக்கும் பெயர் எழுதி ஒட்டினேன். அவன் ஒன்பதரைக்கே படுத்துவிட்டான். அந்த வாரம் கணக்குத் தேர்வு இருந்ததால், “நீ போய்ப் படி, இதை நான் பார்த்துக்கிறேன்” என்று அவன் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி வைத்தது நான்தான். முதல் பரிசு கிடைத்தது. கோப்பையோடு அவன் நிற்கும் படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன்.

மூன்று மாதம் போயிருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம். பொழுது விடிந்து கதவைத் திறந்தபோது, தென்னந்தோப்பு இருந்த திசையில் வெறும் வானம் தெரிந்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. மாடித் தொட்டியிலிருந்த தண்ணீர் மறுநாள் மதியத்தோடு தீர்ந்தது. கேன் தண்ணீர் வண்டி வர வழியில்லை, சாலை முழுக்க மரம். கொல்லையில் கிணறு இருந்தது. கிணற்றில் தண்ணீரும் இருந்தது. ஆனால் மோட்டார் போட்ட வருஷமே ராட்டினத்தையும் கயிற்றையும் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டிருந்தோம். மாட்டுக் கயிறு இரண்டை முடிந்து, வாளியைக் கட்டி இறக்கினோம். முதல் முடிச்சு நழுவி வாளி உள்ளே போனது. இரண்டாவது முடிச்சை என் மாமியார் போட்டார்.

வந்தது இலையும் மண்ணும் கலந்த செந்நிறத் தண்ணீர். மகன் ஆர்வமாகத்தான் ஓடி வந்தான். குடத்தில் ஊற்றி, கொஞ்ச நேரத்தில் பொறுமையில்லாமல் ஓர் அகப்பையால் கலக்கிப் பார்த்தான். ஆறாம் வகுப்பில் ‘தெளிய வைத்து இறுத்தல்’ என்றால் என்னவென்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இரண்டும் வாங்கியவன் அவன். “கலக்காதடா கண்ணு” என்று அவன் அப்பாயி அகப்பையை வாங்கினார். அலமாரியில் எங்கோ இருந்த தேற்றாங்கொட்டை ஒன்றை எடுத்து, இன்னொரு மண்குடத்தின் உள்சுவரில் சந்தனம் அரைப்பதுபோல நாலைந்து சுற்று உரசினார். அதில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தார். சாயங்காலம் பார்த்தால் மண் அடியில் படிந்திருந்தது. மேலே இருந்ததை ஆடாமல் சாய்த்து, இரண்டாக மடித்த வேட்டித் துணியில் வடித்து, கொதிக்கவைத்துக் குடித்தோம்.

“அப்பாயி, இது எப்படி நடக்குது?” என்று கேட்டான். “எங்கம்மா செய்வாங்க, நான் செய்றேன்” என்றார் அவர். பிறகு அவன் என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. கண்காட்சிக்கு அடுக்கு அடுக்காகப் பெயர் எழுதி ஒட்டியவளுக்கு, கலங்கல் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தக் கோப்பை உண்மையில் யாருக்குக் கொடுக்கப்பட்டது?

பிற்பாடுதான் தேடிப் படித்தேன். பொடிப்பொடியான களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தண்ணீரில் மிதப்பவை, தாமாக எளிதில் இறங்காது. முருங்கை விதையின் பருப்பைப் பொடித்துக் கலக்கினால் அதிலிருக்கும் புரதம் அந்தத் துகள்களை இழுத்து ஒன்றுசேர்க்கும். சேர்ந்து கனத்ததும் அடியில் உட்காரும். தேற்றாங்கொட்டையும் கலங்கலைத் திரட்டி இறக்குகிறது. கரி வாடையையும் நிறத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் இவை எதுவும் கிருமியைத் தீர்த்துவிடாது. தெளிந்த தண்ணீரானாலும் கொதிக்கவிட்டுத்தான் குடிக்க வேண்டும். கடல்நீர் புகுந்த கிணறாக இருந்தால் கொட்டையும் மணலும் கொதியும் சேர்ந்தாலும் உப்பு போகாது. எதனால் எது ஆகும், எதனால் ஆகாது என்கிற இந்த அறிவு முழுவதும் ஒரு குடத்துக்குள் இருந்தது. பாடப்புத்தகத்தில் அதன் பெயர்கள் மட்டும் இருந்தன. பெயர்களைத்தான் நாம் பிள்ளைகளிடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டுக் குழாய் இப்போது ஒழுகிக்கொண்டிருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் ஒன்றாவது ஒழுகும். உள்ளே இருக்கும் வாஷர் சில ரூபாய்தான். கேட்வால்வை மூடிவிட்டு, குழாயைக் கழற்றி, தேய்ந்த வாஷரை எடுத்து, புதியதைப் போட்டு முடுக்கினால் வேலை முடிந்தது. பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தாலே கற்றுக்கொள்ளும். நாமோ பிளம்பர் வரும் ஞாயிற்றுக்கிழமை வரை அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, அந்தச் சொட்டுச் சத்தத்துக்கு நடுவே பிள்ளையை உட்காரவைத்து ‘நீரைச் சேமிப்போம்’ என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது போட்ட குழி உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்டியிருக்கிறீர்களா? கூழாங்கல்லையும் மணலையும் வருஷத்துக்கு ஒரு தடவை அள்ளி அலசிப் போட வேண்டும் என்பதாவது தெரியுமா? எங்கள் வீட்டுக் குழியின் மேல் கார் நிறுத்த சிமெண்ட் போட்டோம். போட்டது தவறு என்று ஐந்து வருஷம் கழித்து உடைத்தோம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். காலை ஆறரைக்கு எழுப்புகிறோம். ஏழு மணிக்கு இந்தி டியூஷன், எட்டேகாலுக்கு வேன். மாலை நாலரைக்கு வந்தால் ஐந்துக்கு அபாகஸ், ஆறுக்குக் கணக்கு. எட்டு மணிக்கு வீட்டுப்பாடம், பத்துக்குச் சோறு ஊட்டிவிடுகிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாம் ஏன் சோறு ஊட்டுகிறோம்? அவன் கை நோட்டை விடவில்லை என்பதால். ஒரு நாளில் அவன் தன் கையால் தனக்காகவோ வீட்டுக்காகவோ செய்தது என்ன என்று எண்ணிப் பாருங்கள். பல் தேய்த்ததைத் தவிர எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு முறை குளியலறையில் குழாய் வேலை நடந்துகொண்டிருந்தது. மகன் படிக்காமல் அங்கே போய் நின்று, எந்த ஸ்பேனர் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தான். வேலைக்கு வந்திருந்த தம்பியும் சிரித்தபடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கூடத்திலிருந்து கத்தினேன்: “படிக்கலேன்னா நீயும் இப்படித்தான் குழாய் கழட்டிக்கிட்டு இருப்பே!” குளியலறையில் பேச்சு நின்றது. மகன் தலையைக் குனிந்துகொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தான். அந்தத் தம்பி வேலையை முடித்து, கூலியை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே போனார். நான் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகள். உளியால் சம்பாதித்த காசில் பட்டம் வாங்கியவள். அந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்தது?

எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதற்கும் ஒரு நியாயமான தொடக்கம் இருக்கிறது. என் அப்பா 1953-இல் கிராமத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி அரைநாள், மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்பது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியாரும் மற்றவர்களும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அப்பாவுக்கு அந்த ஒரு வருஷம் மறக்கவில்லை. மதியத்துக்குமேல் பட்டறையில் மரத்தூள் கூட்டிக்கொண்டிருந்ததையும், கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன் அந்த நேரத்தில் திண்ணையில் ஆள் வைத்துப் படித்துக்கொண்டிருந்ததையும் பலமுறை சொல்லியிருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. எங்கள் கையில் அவர் உளியைக் கொடுக்கவே இல்லை. “இந்தப் பை என்னோட போகட்டும். நீங்க பேனா பிடிங்க” என்பார்.

அவர் செய்தது சரி. பிறப்பைப் பார்த்து ஒரு பிள்ளைக்கு உளியும் இன்னொரு பிள்ளைக்குப் பேனாவும் கொடுத்த ஏற்பாட்டிலிருந்து எங்களை வெளியே தள்ளிவிட அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அந்தக் காயத்தை யாரும் லேசாகப் பேசக் கூடாது. கைத்தொழில் பற்றி யாராவது மேடையில் இனிக்க இனிக்கப் பேசினால் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான் வரும். யார் பிள்ளைக்குச் சொல்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன். ஆனால் நம் வீடுகளில் இன்று நடப்பது அது இல்லையே. என் பிள்ளையை யாரும் பட்டறைக்கு இழுக்கவில்லை. அவனாக ஆசைப்பட்டுத் தொட வந்ததை நான் தட்டிவிட்டேன். அப்பா பயந்ததற்குக் காரணம் இருந்தது. எனக்கு என்ன காரணம்? தச்சர் பிள்ளை, டாக்டர் பிள்ளை, கடைக்காரர் பிள்ளை எல்லோரும் ஒரே பெஞ்சில் நின்று இழைப்புளி தள்ளினால், எந்தக் குலத்தின் தொழில் அது?

புயலில் எங்கள் கொல்லையில் விழுந்தது ஒரு பலா. அப்பா வந்து பார்த்து, “விறகுக்குக் கொடுத்துடாதே” என்றார். பலா வைரம் பாய்ந்தால் மஞ்சளாக, எண்ணெய் தடவியதுபோல இருக்கும். தஞ்சாவூரில் வீணை செய்வது அந்த மரத்தில்தான். வாள்பட்டறையில் பலகையாக அறுத்து, கொட்டகை நிழலில், பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி கொடுத்து அடுக்கிவைத்தார். பச்சை மரத்தில் வேலை செய்தால் காயும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும், காற்றோட்டமாக ஒரு வருஷமாவது கிடக்க வேண்டும் என்றார். 2020-இல் ஊரடங்கு வந்தபோது அவர் எங்கள் வீட்டில் இருந்தார். வெளியே போக முடியாது, கை சும்மா இருக்காது. கருவிப் பையை எடுத்துவரச் சொல்லித் திண்ணையில் உட்கார்ந்து ஒரு ஸ்டூல் செய்யத் தொடங்கினார்.

உள்ளே மகன் போன் முன்னால். எட்டாம் வகுப்பிலேயே பவுண்டேஷன் கோர்ஸ் என்று சேர்த்துவிட்டிருந்தேன், அது ஆன்லைனில் நடந்துகொண்டிருந்தது. திண்ணையில் இழைப்புளி ஓடும் சத்தம் கேட்கும். சீவல் சுருள் சுருளாக வந்து நிலைப்படி வரைக்கும் உருளும். இரண்டு தடவை எழுந்து வந்தான். இரண்டாவது தடவை தாத்தா அவன் கையை இழைப்புளி மேல் வைத்து, “நார் ஓடுற பக்கமே தள்ளு, எதிர்த்துத் தள்ளினா சிராய் பேரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன் மகளுக்குக் கொடுக்காததைப் பேரனுக்குக் கொடுக்க அவர் மனம் இறங்கி வந்திருந்தது. பேரனுக்கு அது பிழைப்பாகிவிடாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அடுப்படியிலிருந்து வந்து, “கிளாஸ் ஓடுதுல்ல? நீ போய்ப் படி” என்றேன். அவன் போய்விட்டான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலைத் தனியாகவே முடித்தார். அடுத்த வருஷம் இறந்துபோனார்.

அன்றைய வகுப்பில் என்ன பாடம் நடந்தது என்று மகனுக்கு இன்று நினைவில்லை. கேட்டுப் பார்த்தேன்.

இப்போது அவன் பொறியியல் இரண்டாம் ஆண்டு, விடுதியில் இருக்கிறான். போன மாதம் பேசும்போது, கட்டில் ஆடுகிறது, தூக்கம் வரவில்லை என்றான். எத்தனை நாளாக என்றேன். இரண்டு மாதமாக. ஒரு திருகாணி கழன்றிருக்கிறதாம். “புகார்ப் புத்தகத்துல எழுதிட்டேன்மா, ஆள் வரணும்” என்றான். ஒரு திருப்புளியை வாங்கி நாலு சுற்றுச் சுற்றலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. ‘இதை ஆள் வந்து பார்த்துக்கொள்வார்கள்’ என்று பதினெட்டு வருஷம் அவனுக்குப் பாடம் எடுத்தவள் நான்தானே. சம்பளம் வாங்கப்போகும் பிள்ளைகளை வளர்க்கிறோம், நல்லது. தன் கட்டிலைத் தானே சரி செய்துகொள்ளும் தைரியத்தை எந்த மாதச் சம்பளத்தில் வாங்கப் போகிறார்கள்?

மகள் எட்டாம் வகுப்பு. போன மே மாதம் பரணில் எதையோ தேடப்போய் தாத்தாவின் பையை இறக்கிவிட்டாள். துருப்பிடித்த உளி மூன்று, கொட்டாப்புளி, இழைப்புளி, மட்டம், மடக்கு அளவுகோல். கொட்டகையில் பலாப் பலகையும் மிச்சம் இருந்தது. எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் பெரியவரிடம் போய்த் தானே கேட்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று. என் வாயில் உடனே வந்தது, “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு ரம்பமும் உளியும்?” அவள் என்னைப் பார்த்து, “அண்ணன் கேட்டப்ப வேற காரணம் சொன்னீங்கல்லம்மா” என்றாள். அன்றைக்கு அவளுக்கு எட்டு வயது இருக்கும். திண்ணையில் சீவலைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் கவனித்திருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணை செய்தாள். ஒரு பலகை, அடியில் இரண்டு கட்டை, அவ்வளவுதான். முதல் முறை ஒரு கட்டை உயரம் அதிகமாகி மணை ஆடியது. பெரியவர் திருத்தித் தரவில்லை, எவ்வளவு அதிகம் என்று அளக்கச் சொன்னார். மூன்று நூல். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது தச்சர்களின் கணக்கு. எட்டில் மூன்று என்று அவள் சொன்னதும், பின்னத்தில் எப்போதும் தடுமாறுகிறவளாயிற்றே, இனி மதிப்பெண் கூடும் என்று என் மனம் கணக்குப் போட்டது. அந்த எண்ணத்தை நானே கண்டித்துக்கொண்டேன். எதைத் தொட்டாலும் அதில் மதிப்பெண் வருமா என்று பார்க்கும் நோய் நமக்கு அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. மூன்றாவது வாரம் உளி பட்டு விரல் கிழிந்தது. கழுவிக் கட்டுப்போட்டேன். இனி போகாதே என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அவளே சொன்னாள்: “இடது கையை உளிக்கு முன்னாடி வைக்கக் கூடாதும்மா. அன்னைக்கு வெச்சுட்டேன்.” நான் ஆயிரம் தடவை ‘ஜாக்கிரதை’ என்று கத்தியிருந்தாலும் அவளுக்கு இது தெரிந்திருக்காது.

இதைப் படித்துவிட்டு, சரி, தச்சு வகுப்பு எங்கே நடக்கிறது, கட்டணம் எவ்வளவு, சான்றிதழ் தருவார்களா என்று தேடத் தொடங்கிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். யோகாவையும் செஸ்ஸையும் நாம் அப்படித்தான் பிள்ளைகளுக்கு இன்னொரு பாரமாக ஆக்கினோம். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பிள்ளை ஆணியை வளைத்து அடித்தால் பிடுங்கி நீங்கள் அடிக்காதீர்கள். கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும். மகனுக்குப் பொத்தான் தைக்கவும் சோறு வடிக்கவும் சொல்லிக்கொடுங்கள், மகளுக்கு சைக்கிள் சங்கிலி மாட்டச் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் அதைப் பிள்ளையிடம் ஒப்புக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து தெரிந்தவர்களிடம் போய்க் கேளுங்கள். குழாய்க்காரர் வீட்டுக்கு வந்தால் பிள்ளையைப் பக்கத்தில் நிற்கவிடுங்கள். அவரை அண்ணா என்றோ மாமா என்றோ கூப்பிடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.

என் மாமியாரிடம் தேற்றாங்கொட்டை எப்படி உரசுவது என்று இப்போதுதான் கற்றுக்கொண்டேன். அவருக்கு எண்பத்திரண்டு வயது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் அருகில் பிள்ளையை உட்காரவையுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு டியூஷனுக்கு விடுப்புச் சொல்லுங்கள். ஒடிந்த ஸ்டூலோ ஒழுகும் குழாயோ கைப்பிடி ஆடும் அரிவாள்மனையோ வீட்டில் ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். சுத்தியலையோ ஸ்பேனரையோ பிள்ளையின் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று, வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.